நாலரை மணிக்கு எழுந்தவர்

தேவாலயத்தில் பெண்கள் ஐக்கியத்தின் கூட்டம் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று எந்தக் காலத்திலோ வைத்துவிட்டார்கள். அப்போது சபையிலிருந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் வீட்டோடு இருந்தவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அடுப்பை அணைத்துவிட்டுப் பத்தரைக்கு வந்து உட்கார அவர்களுக்கு முடிந்தது. இப்போது வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேருக்குக் காது மந்தம். மற்ற பெண்களெல்லாம் அந்த நேரத்தில் கடையிலோ ஆபீசிலோ ஆஸ்பத்திரியிலோ வேலையாக இருப்பார்கள். நேரத்தை மாற்றலாமே என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்பதுண்டு. அதைக் கூட்டத்தில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று பதில் வரும். கூட்டமோ புதன்கிழமை பத்தரைக்கு. அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அந்த ஒன்பது பேரும் கூடியிருந்த ஒரு புதன்கிழமைதான், வருஷத்துக்கு ஒருமுறை பெண்களே முன்னின்று நடத்தும் ஞாயிறு ஆராதனையில் யார் பேசுவது என்று முடிவானது. தலைப்பைப் போதகரே கொடுத்திருந்தார்: வேலையும் வீடும். இரண்டையும் ஒழுங்காகச் சமாளிக்கிற ஒரு சகோதரி தன் அனுபவத்தைப் பத்து நிமிஷம் சாட்சியாகச் சொன்னால் மற்றவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். யாரும் யோசிக்கவே இல்லை. "கத்தரி மேடம் பேசட்டும்" என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள்.

கத்தரி மேடம் அந்த நேரத்தில் ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், தரைக்குக் கீழே இருக்கும் ஜன்னலில்லாத கூடத்தில், ஒரு கத்தரியை விளக்கடியில் பிடித்து அதன் மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கித் திரும்ப அனுப்புகிற பிரிவு அது. மேலே ஆபரேஷன் முடிந்தவுடன் கருவிகள் கூடையில் இறங்கி வரும். கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, பட்டியல்படி தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். பொதியின் மேல் ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்திருந்தால்தான் சூடு சரியாகப் பட்டதென்று அர்த்தம். காலை ஷிஃப்டுக்கு அவள் பொறுப்பு. பதினாறு வருஷ சர்வீஸ். எந்தத் தட்டைக் கட்டினாலும் "கத்தரி எத்தனை?" என்று இரண்டு தடவை கேட்பாள். அப்படி வந்த பெயர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற யாரோ அதைச் சபைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஷிஃப்ட் ஆறரைக்கு. ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டைவிட்டுக் கிளம்பினால், பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வரச் சாயங்காலம் ஐந்தாகும். ஆனாலும் அவளுடைய இரண்டு பெண்களும் மடிப்புக் கலையாத சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்பே குடும்பம் முழுவதும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கும். சபையில் விருந்தென்றால் அவள் வீட்டுப் பாத்திரம்தான் சூடு ஆறாமல் வரும். வீட்டு ஜெபக்கூட்டம் அவள் வீட்டில் நடந்தால் செருப்பு விடுகிற இடம்கூடத் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். "எப்படித்தான் சமாளிக்கிறாளோ!" என்றார்கள் எல்லாரும். எப்படி என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்: நாத்தனார்.

நாத்தனார் அவள் கணவனின் அக்கா. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், அப்பா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டார். அப்பா காலமான அதே வருஷம் தம்பிக்கு இரண்டாவது பெண் பிறந்தது. "மூணு மாசம் கூடமாட இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த மூன்று மாதம் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பெண்களின் அறையில் ஒரு மடக்குக் கட்டில்தான் அவருக்கு. அதைக் காலையில் மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டால், அவர் அந்த வீட்டில் தங்கியிருக்கிற அடையாளமே தெரியாது.

ஆராதனைக்கு முந்தின வாரச் சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். "காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபத்தோடு என் நாளைத் தொடங்குகிறேன்" என்று ஆரம்பித்தது. முந்தின நாளே காய்கறி நறுக்கி வைப்பது, பிள்ளைகளின் துணியை வாரம் முழுவதற்கும் சேர்த்துத் தேய்த்து வைப்பது, கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பது என்று எழுதிக்கொண்டே போனாள். பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இதெல்லாம் அவள் வீட்டில் நடக்கிற காரியம்தானே. வீட்டுக்காக எழுதும்போது 'நான்' என்றுதான் வந்தது.

பேச்சைச் சபைப் பத்திரிகையிலும் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் தாளை எடுத்துக்கொண்டு, துணி தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போனாள்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்களேன். பிழை இருந்தா மானம் போயிடும்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தார். கண்ணாடியை மாட்டி, பென்சிலைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்தார். நாலு இடத்தில் கோடு போட்டார்.

"நறுக்கிக்கு வல்லின று போடணும். 'எழுந்திரிச்சு'ன்னு ஒரு இடத்துல எழுதியிருக்கே, அது பேச்சு வழக்கு. இந்த ரெண்டு வாக்கியத்தையும் ஒண்ணாக்கிடு. மத்தபடி சரியா இருக்கு."

"வேற ஒண்ணும் இல்லையா, அண்ணி?"

"வேற என்ன இருக்கு?" தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். ஒரு சட்டையின் காலரை முடித்த பிறகு சொன்னார். "ஒண்ணாம் தேதியிலேருந்து நான் வேலைக்குப் போறேன். நர்சிங் படிக்கிற பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணு, பஸ்ல மூணு மணி நேரம். வார்டன் வேலை. தங்கறதுக்கு அங்கேயே ரூம் கொடுக்கறாங்க."

இவளுக்கு முதலில் புரியவில்லை. ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஆனால் நாத்தனார் வேடிக்கை பேசுகிறவர் இல்லை.

"திடீர்னு என்ன அண்ணி? நாங்க ஏதாவது தப்பா..."

"ஒரு தப்பும் இல்ல. சபை நோட்டீஸ் போர்டுல பாத்தேன். எழுதிப் போட்டேன். கூப்பிட்டாங்க, போன வாரம் போயிட்டு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்த."

ஒன்றாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அவளுக்கு வந்தது கோபம். வருத்தமோ ஆச்சரியமோ வந்ததாகச் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் இருந்தவர் கேட்காமல் கொள்ளாமல் இப்படிச் செய்யலாமா? பெரியவளுக்கு இந்த வருஷம் முக்கியமான பரீட்சை. சின்னவளுக்கு மாதம் தவறினாலும் இருமல் தவறாது. இதெல்லாம் தெரிந்துமா? லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வேலை முடிந்து வந்து கையைக் கழுவி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "அக்காவா? அக்கா எங்க போவாங்க?" என்றான், தெருவைத் தாண்டினால் அக்காவுக்கு வழி தெரியாது என்பதுபோல.

"நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க. பரீட்சை முடியற வரைக்குமாவது."

"நீயே சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க."

இரண்டு பேரும் சொல்லவில்லை. நாத்தனார் எப்போதும்போல டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். வேலைக்கு நற்சாட்சிக் கடிதம் கொடுத்தது போதகரின் மனைவி, சபையில் எல்லாருக்கும் போதகர் அம்மா, என்று அதற்குள் தெரிந்துவிட்டது. போதகர் அம்மா கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா... எங்க வீட்ல இருக்கறவங்க இல்லையா?"

"லெட்டர் கேட்டது அவங்க. அவங்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சத எழுதிக் கொடுத்தேன்." போதகர் அம்மா குரலை உயர்த்தவுமில்லை, சிரிக்கவுமில்லை. "நீங்க ஆஸ்பத்திரியில சேந்தப்பகூட இதே போதகர் வீட்லேருந்துதான் லெட்டர் வாங்கியிருப்பீங்க. அப்ப உங்க மாமியார்கிட்டக் கேட்டுட்டா கொடுத்தாங்க?"

உள்ளே ஒரு பிள்ளை வகுத்தலில் மாட்டிக்கொண்டு "மேடம், மேடம்" என்று கூப்பிட்டது. போதகர் அம்மா போய்விட்டார். இவள் பஸ் ஏறினாள்.

வியாழக்கிழமை, பதினாறு வருஷத்தில் நடக்காத ஒன்று நடந்தது. மேலிருந்து தியேட்டர் நர்ஸ் போன் செய்தாள். "மேடம், எலும்பு ஆபரேஷன் தட்டுல இடுக்கி ஒண்ணு குறையுது. லிஸ்ட்ல உங்க கையெழுத்துதான் இருக்கு." நோயாளியை இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை. வேறு தட்டு அனுப்பினார்கள். இருபது நிமிஷத் தாமதத்தோடு போயிற்று. அந்த இடுக்கி உலர்த்தும் கூடையின் மூலையில் கிடந்தது. அவளே கண்டுபிடித்தாள், அவளே அறிக்கை எழுதினாள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "கவனக்குறைவு" என்று எழுதினாள். மேலதிகாரி படித்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டார். இல்லை என்றாள்.

அன்று சாப்பாட்டு இடைவேளையில் பையைத் திறந்து டப்பாவை எடுத்தபோது ஒன்று கவனித்தாள். டப்பாவைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. இரண்டு சுற்று, முனை உள்ளே மடக்கி, அவள் கருவிப் பொதி கட்டுகிற மாதிரியே. என்றைக்கோ வீட்டில் வேடிக்கையாகச் செய்து காட்டியிருப்பாள். எத்தனை வருஷமாக அப்படிக் கட்டி வருகிறது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. பாடகர் குழுவில் எல்லாரும் பெண்கள். வேத பாடம் வாசித்ததும் பெண். ஆண்கள் அன்றைக்கு மட்டும் வாசலில் நின்று வரவேற்றார்கள். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து மேடைக்குப் போனாள். பென்சில் கோடுகளோடு இருந்த தாளை விரித்தாள். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"காலை நாலரை மணிக்கு எழுந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான்காவது வரிசையில் நாத்தனார் சின்னவளின் தலையில் கழன்ற கிளிப்பைச் சரியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எழுதியிருக்கிறதெல்லாம் எங்க வீட்ல நடக்குது" என்றாள். "ஆனா நான் செய்யறதில்ல. நான் அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன். அப்ப டீ ரெடியா இருக்கும். சாப்பாடு கட்டியிருக்கும். நாலரைக்கு எழுந்திரிக்கிறது எங்க அண்ணி. பதினோரு வருஷமா எழுந்திரிக்கிறாங்க."

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். யாரோ இருமினார்கள்.

"நான் எப்படி சமாளிக்கிறேன்னு கேட்டீங்க. நான் சமாளிக்கல. இப்ப அண்ணிக்கு வேலை கிடைச்சிருக்கு, ஒண்ணாம் தேதி போறாங்க. அதைக் கேட்டதும் எனக்கு சந்தோஷம் வரல. கோவம்தான் வந்தது. ரெண்டு நாள் அவங்ககூடச் சரியாப் பேசல. போதகர் அம்மாகிட்டப் போய்ச் சண்டை போட்டேன். ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருந்தா நீங்க வந்து பேசுங்க, நான் கேக்கறேன். அவ்வளவுதான்."

பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாடகர் குழுவினர் பாட்டுப் புத்தகத்தைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை. போதகர் முன்வரிசையிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமி, "சகோதரி உண்மையைச் சொன்னாங்க, ஸ்தோத்திரம்" என்றார்.

ஆராதனைக்குப் பிறகு பின்கூடத்தில் டீ கொடுத்தார்கள். அங்கேதான் உண்மையான கூட்டம் நடந்தது. தபால் ஆபீசில் வேலை செய்கிற பெண் அவளை ஓரமாக இழுத்து, "எங்க வீட்ல அம்மா. எழுபத்தோரு வயசு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். தையல் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவள், "எங்க வீட்ல பெரிய பொண்ணுதான். அவ டான்ஸ் கிளாஸை நிறுத்தினேன்" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினாள். பள்ளி டீச்சர் ஒருத்தி மட்டும் சிரித்தாள். "எங்க வீட்ல யாருமே இல்ல, நான்தான் எல்லாம். அதான் எங்க வீட்டுக்கு ஜெபக்கூட்டம் வேண்டாம்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கேன். உள்ள வந்தா கால் வைக்க இடமிருக்காது."

நாத்தனாரையும் விடவில்லை. வயதான பெண்கள் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனார் கையை மெல்ல உருவிக்கொண்டு, காலிக் கோப்பைகளைப் பொறுக்கும் சாக்கில் அங்கிருந்து நகர்ந்தார்.

வீட்டுக்கு நடந்துவரும்போது கணவனும் பெண்களும் முன்னால் போனார்கள். நாத்தனார் பாதித் தூரம் இவளோடு நடந்து வந்தார். பிறகு சொன்னார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

அவள் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா அங்க நான் ஒரு ஆளா உக்காந்திருந்தேன். யாரும் பாவம் பாக்கல. இன்னைக்கு ஒருத்தி என் கையைப் பிடிச்சு அழறா. எனக்கு என்ன, நோயா? பதினோரு வருஷம் யாரும் என்னைக் கட்டிப் போடல. எனக்குப் பிடிச்சுத்தான் செஞ்சேன். இப்ப வேற ஒண்ணு பிடிக்குது, போறேன். அவ்வளவுதான் விஷயம்."

"தப்புதான் அண்ணி."

"அப்புறம் நாலரைன்னு சொன்ன பாரு. அது தப்பு. நாலே கால்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துக்கொண்டார். "தாளைப் படிக்கறப்பவே திருத்தியிருக்கணும். விட்டுட்டேன்."

அவர் சிரித்தாரா என்று இவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

ஒன்றாம் தேதி தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினான். அதே பெட்டிதான். மேலே கூடுதலாக ஒரு துணிப்பை மட்டும். சின்னவள் அழுதாள். பெரியவள் அழவில்லை, ஆனால் மடக்குக் கட்டிலை ஒரு வாரம் மடிக்க விடவில்லை.

முதல் மாதம் வீடு அமளிதுமளிப்பட்டது. பெண்கள் இரண்டு தடவை சுருக்கம் விழுந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு தடவை சின்னவள் தன் காலுறை என்று அக்காவின் காலுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கணவன் தினமும் முட்டை மட்டும் செய்தான். முட்டையில் அவன் எத்தனை விதம் முயன்றாலும் அது முட்டையாகவே இருந்தது. அவள் மேலதிகாரியிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள் பத்து மணி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். காலை ஷிஃப்டின் பொறுப்பு அந்த மூன்று நாளும் வேறொருத்திக்குப் போயிற்று. அந்த வேறொருத்தி கத்தரியை ஒரு தடவைதான் எண்ணுவாள் என்பது இவளுக்குத் தூக்கத்திலும் உறுத்தியது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். ஞாயிறு ஆராதனைக்கு இப்போது பாதிப் பாட்டில்தான் போய்ச் சேர்ந்தார்கள். நான்காவது வரிசையில் வேறு குடும்பம் உட்கார ஆரம்பித்துவிட்டது.

சபையிலும் ஒன்று நடந்தது. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டு பேசிய பெண்கள் அடுத்த ஞாயிறும் அதே மூலையில் நின்று பேசினார்கள், அதற்கடுத்த ஞாயிறும். போதகர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, பெண்கள் ஐக்கியத்தை ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வைக்கலாம் என்றார். பிள்ளைகளை அந்த முக்கால் மணி நேரம் அப்பாக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். போதகருக்கு உடனே சம்மதமில்லை. இரண்டு வாரம் யோசித்தார். அதற்குள் காது மந்தமான இருவரில் மூத்தவர் எழுந்து, "அப்ப புதன்கிழமை நாங்க எங்க போறது? எங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு நாள்" என்று கேட்டுவிட்டார். கடைசியில் இரண்டு கூட்டமும் நடக்கட்டும் என்று விட்டார்கள். ஞாயிற்றுக் கூட்டத்துக்கு முதல் தடவை இருபத்தாறு பேர் வந்தார்கள். மறுதடவை பதினான்கு. அந்த அளவிலேயே நிற்கிறது.

நாலு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் அவள் மட்டும் பஸ் ஏறி அந்த ஹாஸ்டலுக்குப் போனாள். இரண்டாம் மாடியில் கடைசி அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மேஜை மேல் மாணவிகளின் வருகைப் பதிவேடு. நாத்தனார் டீ போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து பேசிய அரை மணி நேரத்தில் கதவை ஆறு பேர் தட்டினார்கள். ஒருத்திக்கு விளக்கு எரியவில்லை, ஒருத்திக்கு ஊருக்குப் போக அனுமதி வேண்டும், ஒருத்திக்கு ஒன்றும் வேண்டாம், வார்டன் மேடத்தைப் பார்க்க வந்தவர் யாரென்று தெரிந்தால் போதும்.

"எங்க தம்பி பொண்டாட்டி" என்றார் நாத்தனார் அவளிடம். "பெரிய ஆஸ்பத்திரியில வேலை. பதினாறு வருஷம்."

"பதினேழு ஆயிடுச்சு அண்ணி" என்றாள் இவள்.

பெரியவள் பரீட்சையில் சுமாராகத்தான் எழுதியிருக்கிறாள் என்று சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டார். இருமலுக்கு என்ன மருந்து என்று விசாரித்தார். எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டதற்கு, லீவு கிடைத்தால் சொல்கிறேன் என்றார். சாவியை எடுத்து அறையைப் பூட்டிக்கொண்டு படிக்கட்டு வரை கூடவே வந்தார். கீழே யாரோ கூப்பிட்டார்கள், இறங்கிப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மறுநாள் ஆறரை ஷிஃப்ட். எழுப்பிவிட யாரும் இல்லாததால் போனில் அலாரத்தை இப்போதே வைத்துக்கொண்டாள். அப்புறம் ஊர் வந்து சேரும்வரை தூங்கினாள்.